மீன் தொட்டிக்கு ஹீட்டர்: எத்தனை வாட், எத்தனை ஹீட்டர், எங்கே பொருத்துவது

மீன் தொட்டிக்கு ஹீட்டர் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘தொட்டி எத்தனை அடி?’ என்பதாகவே இருக்கும். இரண்டடி என்றால் 100 வாட், மூன்றடி என்றால் 200 வாட் என்று, மனப்பாடமாக ஒரு பெட்டியை எடுத்து நீட்டிவிடுவார். லிட்டருக்கு ஒரு வாட் என்று பரவலாகப் புழங்கும் கணக்கின் சுருக்கம் இது. அது முற்றிலும் தவறான கணக்கு என்று சொல்வதற்கில்லை. ஆனால் தொட்டி இருக்கும் அறை விடியற்காலையில் எவ்வளவு குளிர்கிறது, அதில் வாழும் மீனுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்ற இரண்டையும் அது கேட்பதே இல்லை. சென்னையில் ஒரு வரவேற்பறையிலும் உதகையில் ஒரு வரவேற்பறையிலும் ஒரே அளவுள்ள தொட்டி இருந்தால், இரண்டுக்கும் ஒரே ஹீட்டர் எப்படிப் பொருந்தும்? தமிழ்நாட்டின் சமவெளியில் மீன் வளர்ப்போர் பலர் தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு பெரிய ஹீட்டரைப் பொருத்திவிட்டு, அது ஒரு நாள் பழுதாகும்போது மீன்களை இழக்கிறார்கள். பெரிய ஹீட்டர் பாதுகாப்பு என்ற எண்ணத்தைக் கைவிட்டாலே பாதித் தவறுகள் நேராது என்பதே என் கருத்து.

முதலில், ஹீட்டர் வேண்டுமா?

மீனின் உடல் வெப்பம் அது நீந்தும் நீரின் வெப்பத்தைப் பின்பற்றியே நடக்கிறது. நீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், நோயை எதிர்க்கும் ஆற்றல் குறையும், ஃபில்டரில் குடியிருந்து கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களின் வேலையும் மெதுவாகும். இவற்றைவிடக் கேடானது, பகலில் 29 டிகிரி செல்சியஸும் விடியலில் 23 டிகிரியுமாக நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது. மார்கழியிலும் தை முதல் பாதியிலும் மீன்களின் உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதை உண்டாக்குவது ஓர் ஒட்டுண்ணி. குளிரால் தளர்ந்த மீனைத்தான் அது எளிதில் பற்றிக்கொள்கிறது.

சென்னையில் சனவரி மாத இரவுகளில் வெளிவெப்பம் சராசரியாக 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. ஆனால் கான்கிரீட் வீட்டுக்குள், சன்னல் மூடிய அறையில், அது 23 அல்லது 24 டிகிரிக்குக் கீழே போவது அரிது. கோயம்புத்தூரில் இதைவிட இரண்டு மூன்று டிகிரி குறையலாம். உதகையின் கதை வேறு: கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் சனவரி இரவுகளில் வெளிவெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், சில நாள்களில் புல்வெளியில் உறைபனியே படியும். சமவெளியில் இன்னொரு குளிர்காலமும் உண்டு. அது குளிரூட்டி பொருத்திய படுக்கையறைக்குள் ஆண்டு முழுவதும் நடக்கிறது. இரவெல்லாம் 22 டிகிரியில் ஓடும் ஏசியும், காலையில் அதை அணைத்தபின் 32 டிகிரிக்கு ஏறும் அறையும் மார்கழிக் குளிரைக் காட்டிலும் மீனை வாட்டும். தொட்டியை ஏசி அறையிலிருந்து கூடத்துக்கு மாற்ற முடியுமானால், ஹீட்டர் வாங்கும் செலவே மிச்சமாகலாம்.

எந்த மீன் என்பதையும் பார்க்க வேண்டும். கோல்ட் ஃபிஷ் 18 முதல் 22 டிகிரியில் நலமாக இருக்கும் குளிர்நீர் மீன். அதற்கு ஹீட்டர் போடுவது கெடுதலே. நம் நாட்டு ஓடைகளுக்கே உரிய வரிக்குதிரை மீனும் 18 டிகிரி வரை தாங்கும். கப்பி, பிளாட்டி ஆகியவை 23 முதல் 27 வரையிலும், ஃபைட்டர் என்று நாம் அழைக்கும் பெட்டா 25 முதல் 28 வரையிலும், ஏஞ்சல் 25 முதல் 28 வரையிலும் நன்றாக இருக்கும். நியான் டெட்ரா 22 முதல் 26 வரை உள்ள நீரை விரும்பும். ஃப்ளவர்ஹார்னுக்கு 27 முதல் 30, டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். ஆகவே சென்னைவாசி ஒருவர் கப்பியும் பிளாட்டியும் மட்டும் வளர்த்தால், மூடியுள்ள தொட்டியை வெளிச்சுவரை ஒட்டாமல் வைத்தாலே ஆண்டு முழுவதும் ஹீட்டர் இன்றிச் சமாளித்துவிடலாம். டிஸ்கஸ் வளர்ப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. உதகையில் இருப்பவர், மின்கட்டணத்தோடு மல்லுக்கட்டுவதைவிடக் கோல்ட் ஃபிஷ் வளர்ப்பது அறிவுடைமை என்று சொல்வேன்.

அறையை ஒரு வாரம் அளந்து பாருங்கள்

ஹீட்டர் தேவை என்று முடிவானபின், கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வெப்பமானி வாங்குங்கள். கண்ணாடிக் குழலால் ஆனதோ, கம்பி முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் வகையோ எதுவாயினும் சரி. தொட்டியின் வெளிப்பக்கக் கண்ணாடியில் ஒட்டும் பட்டை வகை, அறையின் வெப்பத்தையும் சேர்த்துக் காட்டிவிடுவதால் கணக்குக்கு உதவாது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியும் பயன்படாது, அதன் அளவுகள் 32 அல்லது 35 டிகிரியில்தான் தொடங்குகின்றன. தொட்டிக்குப் பக்கத்தில் வெப்பமானியை வைத்து, ஆண்டின் குளிர்ந்த நாள்களில் ஒரு வாரம், விடியற்காலை ஐந்து மணி வாக்கில் அறையின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் மிகக் குறைந்த எண்ணே உங்கள் கணக்கின் அடித்தளம். மீனுக்கு வேண்டிய வெப்பத்திலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது, ஹீட்டர் ஈடுகட்ட வேண்டிய இடைவெளி. சென்னையில் பெட்டாவுக்கு 26 டிகிரி வேண்டும், அறை 23 டிகிரிக்கு இறங்குகிறது என்றால் இடைவெளி வெறும் மூன்று டிகிரிதான். அதே மீனை உதகையில், 12 டிகிரிக்கு இறங்கும் அறையில் வளர்த்தால் இடைவெளி 14 டிகிரி.

அடுத்தது தொட்டியின் கொள்ளளவு. நம் ஊரில் தொட்டிகளை அடிக்கணக்கில் விற்பதால், நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வரும் எண்ணை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைத்துவிடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி 56 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். விளிம்புக்குக் கீழே விடும் இடம், கூழாங்கல், மரக்கட்டை ஆகியவற்றைக் கழித்தால் உள்ளே இருக்கும் நீர் 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி வாட் கணக்கு. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 1.16 வாட்-மணி ஆற்றல் வேண்டும். ஆகவே 50 லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற 58 வாட்-மணி. ஆனால் ஹீட்டரின் அன்றாட வேலை சூடேற்றுவதைக் காட்டிலும், கண்ணாடி வழியாகவும் நீர்ப்பரப்பின் வழியாகவும் வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்டுவதுதான். மேலே சொன்ன இரண்டடித் தொட்டி மூடியோடு இருந்தால், அறையைவிட நீர் ஒரு டிகிரி கூடுதலாக இருப்பதற்கு ஏறத்தாழ 5 வாட் தொடர்ந்து செலவாகும் என்று கொள்ளலாம். இது தோராயமான எண். மூடி இல்லாமலும் மின்விசிறிக் காற்று படும்படியும் இருந்தால் கூடும், பக்கங்களில் தெர்மோகோல் ஒட்டியிருந்தால் குறையும். இதன்படி சென்னைப் பெட்டாவுக்கு மூன்று டிகிரி, ஐந்து வாட், ஆக 15 வாட் போதும். உதகையில் 14 டிகிரிக்கு 70 வாட் வேண்டும். கணக்கில் வந்ததைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை வாங்குவது சரி. ஆக சென்னைக்கு 25 வாட், அது கிடைக்காவிட்டால் 50 வாட். உதகைக்கு 100 வாட்டுக்குக் குறையக் கூடாது.

தொட்டி பெரிதானால் வாட்டும் அதே விகிதத்தில் பெருக வேண்டியதில்லை. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 191 லிட்டர். சிறிய தொட்டியைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் வெப்பம் வெளியேறும் பரப்பு இரண்டேகால் மடங்குதான் கூடியிருக்கிறது. எனவே டிகிரிக்கு 11 அல்லது 12 வாட் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் 20 டிகிரிக்கு இறங்கும் அறையில், இந்தத் தொட்டியில் டிஸ்கஸ் மீன்களை 29 டிகிரியில் வைக்க ஏறத்தாழ 105 வாட் செலவாகும். 200 வாட் தாராளம்.

மின்னழுத்தம் அடிக்கடி குறையும் பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 230 வோல்ட்டில் 100 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்ட்டில் 61 வாட்தான் தரும். மாலையில் விளக்கெல்லாம் மங்கும் தெருவென்றால், கணக்கில் இரண்டு மடங்குக்குக் குறையாமல் இடம் விட்டு வாங்குங்கள்.

பழுதாகும் விதம்

ஹீட்டர் இரண்டு விதமாகப் பழுதாகும். ஒன்று, சூடேற்றுவதை நிறுத்திவிடும். சென்னையில் அப்படி நடந்தால் நீர் இரண்டு மூன்று டிகிரி குளிரும், மீன் சோம்பிக் கிடக்கும், நீங்கள் கண்டுபிடித்து மாற்றிவிடுவீர்கள். மற்றொன்று, அணைய வேண்டிய நேரத்தில் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். மலிவான ஹீட்டர்களில் வெப்பத்துக்கேற்ப வளையும் இரு உலோகப் பட்டை ஒன்று சுவிட்சாக வேலை செய்கிறது. ஒவ்வொரு முறை மின்சாரம் சேர்ந்து பிரியும்போதும் அதன் தொடுமுனையில் சிறு பொறி எழும். ஆண்டுக்கணக்கில் பொறிந்து பொறிந்து ஒரு நாள் அந்த முனைகள் ஒட்டிக்கொண்டுவிடும். அதன்பின் வெப்ப அளவை அமைக்கும் குமிழைத் திருகி எந்த எண்ணில் வைத்தாலும் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் இரண்டடித் தொட்டியில் 200 வாட் ஹீட்டர் ஒன்று இருந்தது. பெரியதாக இருந்தால் சீக்கிரம் சூடேறும் என்று நானே விரும்பி வாங்கியதுதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு தை மாதக் காலையில் தொட்டிக்குள் கை விட்டபோது நீர், குளிக்க விளாவி வைத்த வெந்நீர் போல் இருந்தது. டெட்ராக்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் எளிதில் விளங்கும். அணையாமல் எரியும் 200 வாட் ஹீட்டர், 50 லிட்டர் நீரைத் தொடக்கத்தில் மணிக்கு மூன்று டிகிரிக்கு மேல் ஏற்றும். நள்ளிரவில் ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதே இடத்தில் 50 வாட் ஹீட்டர் இருந்திருந்தால் நீர் மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாகவே ஏறியிருக்கும், காலையில் ஆபத்தை உணர்ந்து பிளக்கைப் பிடுங்க நேரம் கிடைத்திருக்கும். 25 வாட் என்றால் அறையைவிட ஐந்து டிகிரி மிஞ்சியதும் அதன் ஆற்றல் தீர்ந்துபோயிருக்கும். குளிர்காலத்தில் அதனால் மீனைக் கொல்ல இயலாது. சூடாகும் நீரில் ஆக்சிஜனும் குறைகிறது என்பதை மறக்க வேண்டாம்: 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பத்தால் மீன் வேகமாக மூச்சு விடும் வேளையில்தான் இந்தக் குறைவும் நேர்கிறது.

இதே காரணத்தால், ஐந்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஃபைட்டர் வளர்ப்பவர்கள் அதற்குள் 25 வாட் ஹீட்டரை விடக் கூடாது. அத்தனை சிறிய நீரில் அது மணிக்கு நான்கு டிகிரி ஏற்றிவிடும். மீனை 15 அல்லது 20 லிட்டர் தொட்டிக்கு மாற்றுவதே வழி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்: வாளியில் தண்ணீர் காய்ச்சும் இம்மர்ஷன் ராடை மீன் தொட்டியில், ஒரு நிமிடம் மட்டும் என்றாலும், வைக்காதீர்கள். அது 1,000, 1,500 வாட் கருவி. மீனும் தாங்காது, நீங்களும் மின்னதிர்ச்சிக்கு ஆளாவீர்கள்.

ஒன்றுக்கு இரண்டு

தேவையான வாட்டை ஒரே ஹீட்டரில் வாங்காமல் இரண்டாகப் பிரித்து வாங்குவதைப் பெரிய தொட்டிக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். இரண்டடித் தொட்டிக்கும் மலைப்பகுதியில் அதையே பரிந்துரைப்பேன். உதகைத் தொட்டிக்கு ஒரு 100 வாட்டுக்குப் பதிலாக இரண்டு 50 வாட் ஹீட்டர்களைப் பொருத்தினால், ஒன்று அணைந்துபோனாலும் மற்றது 12 டிகிரி அறையில் நீரை 22 டிகிரி வரை காப்பாற்றி நிற்கும். ஒன்று ஒட்டிக்கொண்டால், அதனாலும் அறையைவிடப் பத்து டிகிரிக்கு மேல் ஏற்ற முடியாது. மற்றது தானாக ஓய்ந்திருக்கும். கோயம்புத்தூர் டிஸ்கஸ் தொட்டிக்கும் 200 வாட் ஒன்றைவிட 100 வாட் இரண்டு மேல். நீளமான தொட்டியில் இரு முனைகளிலும் ஒவ்வொன்றாக வைக்கும்போது, ஒரு மூலை சூடாகவும் மறு மூலை குளிராகவும் இருக்கும் குறையும் நீங்கும்.

சென்னை போன்ற ஊரில் சிறு தொட்டிக்கு இரண்டு ஹீட்டர் வீண். அங்கே அந்தப் பணத்தை வெளியே பொருத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் போடுவது நல்லது. எஸ்டிசி-1000 என்ற பெயரில் விற்கும் சிறு கன்ட்ரோலர் பலருக்கும் தெரிந்திருக்கும். அதன் சென்சாரைத் தொட்டிக்குள் விட்டு, ஹீட்டரை அதன் வழியாக இணைத்து, கன்ட்ரோலரில் 26 டிகிரியும் ஹீட்டரின் சொந்தக் குமிழில் 28 டிகிரியும் வைக்க வேண்டும். அன்றாடம் அணைத்து ஏற்றும் வேலையைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்; அதன் ரிலே, அதாவது மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் உள்சுவிட்ச், ஒட்டிக்கொண்டால் ஹீட்டரின் சொந்த வெப்ப சுவிட்சான தெர்மோஸ்டாட் 28 டிகிரியில் அணைத்துவிடும். இரண்டும் ஒரே நாளில் பழுதானால் மட்டுமே மீனுக்கு ஆபத்து. எத்தனை டிகிரி குறைந்தால் மீண்டும் எரிய வேண்டும் என்பதை 0.5 என்று வையுங்கள், 0.3 வரையும் வைக்கலாம், ஆனால் ரிலே ஓயாமல் சொடுக்கிக்கொண்டே இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஓர் ஓட்டை உண்டு. சென்சார் நழுவித் தொட்டிக்கு வெளியே விழுந்தால், அது குளிர்ந்த அறைக்காற்றை அளந்து, நீர் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணி, ஹீட்டரை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். எனவே சென்சார் கம்பியை உறிஞ்சு ரப்பரால் கண்ணாடியில் ஒட்டுவதோடு, தொட்டி விளிம்பிலும் ஒரு முறை கட்டிவிடுங்கள். ஹீட்டர் குமிழை 34 டிகிரிக்குத் திருகி வைத்துவிட்டு முழுப் பொறுப்பையும் கன்ட்ரோலரிடம் ஒப்படைப்பவர்கள், இந்த ஓட்டையை அடைக்கும் ஒரே கதவையும் திறந்து வைக்கிறார்கள்.

எஸ்டிசி-1000 வகையில் இரண்டு ரிலேக்கள் இருப்பதால், இன்னொன்றில் சிறு மின்விசிறியை இணைத்து, நீர் 30 டிகிரியைத் தாண்டினால் நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசச் செய்யலாம். நம் ஊரில் சித்திரை, வைகாசி மாதங்களில் இது ஹீட்டரைவிட அதிகம் உழைக்கும். நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குளிரும். குறையும் நீரை மட்டும் அவ்வப்போது ஊற்றிவர வேண்டும். கருவியின் பின்புறத்தில் மின்முனைகள் திறந்த நிலையில் இருப்பதால், மின்பணியாளரைக் கொண்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் பொருத்திக்கொள்ளுங்கள். சாக்கெட்டோடு சேர்ந்தே வரும் ஆயத்தக் கருவிகளும் கிடைக்கின்றன.

வகைகள்

நீரில் முழுதும் மூழ்கும் கண்ணாடிக் குழல் ஹீட்டர், குமிழோடு கூடியது, பெரும்பாலோருக்குப் போதுமானது. குமிழே இல்லாமல் 25 அல்லது 26 டிகிரியில் நிலையாக அமைக்கப்பட்டவை மலிவு. ஆனால் நோய்க் காலத்தில் வெப்பத்தை ஏற்றவோ டிஸ்கஸுக்கு மாற்றவோ அவற்றில் வழியில்லை. டிஜிட்டல் எண் காட்டும் வகைகள் பார்க்க அழகு. அந்த எண்ணைச் சரிபார்க்காமல் நம்பலாகாது. ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன், ஆமை ஆகியவை கண்ணாடிக் குழலை முட்டி உடைத்துவிடும் என்பதால், அவற்றுக்குப் பிளாஸ்டிக் கூடு பொருத்திய ஹீட்டரோ டைட்டானியம் குழலோ ஏற்றது. டைட்டானியம் வகை பலவற்றில் தெர்மோஸ்டாட் இருக்காது, அவற்றைக் கன்ட்ரோலர் இல்லாமல் பிளக்கில் செருகவே கூடாது. தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாயால் இணைக்கும் கனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதன் குழாயிலேயே பொருத்தும் ஹீட்டரை வாங்கினால், செடிகள் நிறைந்த தொட்டிக்குள் ஹீட்டர் கண்ணில் படாது. ஃபில்டர் நின்றால் ஹீட்டருக்கு நீரோட்டமும் நிற்கும் என்பதுதான் அதன் பலவீனம். பெட்டியின் மேல் உள்ள வாட்டைப் பார்ப்பதோடு நீளத்தையும் பாருங்கள், வாட் கூடக் கூடக் குழலும் நீளும். ஓரடி உயரத் தொட்டியில் நட்டு வைக்க முடியாத ஹீட்டரைப் படுக்கவைக்கத்தான் வேண்டும்.

பொருத்தும் முறை

புதிய ஹீட்டரை நேரே மீன்களோடு விடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீர் நிரப்பி, ஹீட்டரை அதில் அரை மணி நேரம் மின்சாரம் இல்லாமல் ஊறவிட்டு, பிறகு 28 டிகிரியில் வைத்து இயக்குங்கள். ஏர் பம்ப்பில் இணைத்த காற்றுக் கல் ஒன்றையும் போட்டால் நீர் கலந்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் ஹீட்டரின் சிறு விளக்கு அணைய வேண்டும்; அணையும்போது வெப்பமானி என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குமிழ் 28 என்று சொல்ல, நீர் 30 என்று காட்டினால் கவலை வேண்டாம், இரண்டு டிகிரி குறைத்து வைக்க வேண்டிய ஹீட்டர் அது என்று தெரிந்துகொண்டீர்கள். ஒரு நாள் முழுவதும் ஓடியும் விளக்கே அணையவில்லை என்றாலோ, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வெப்பத்தில் அணைந்தாலோ, கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தொட்டிக்குள் ஹீட்டருக்கு உரிய இடம் ஃபில்டரின் நீர் வெளியேறும் பாதை. சூடான நீர் மேலே எழும் இயல்புடையதால், அடிப்பகுதிக்கு அருகே கிடைமட்டமாகவோ சாய்வாகவோ வைத்தால் வெப்பம் நன்கு பரவும். ஆனால் சில ஹீட்டர்களை நிறுத்தியே வைக்க வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள், அதற்கு மாறாகச் செய்ய வேண்டாம். கூழாங்கல்லில் புதைத்தால் குழல் ஓரிடத்தில் மட்டும் அளவுமீறிச் சூடாகி விரிசல் விடும். வெப்பமானியை ஹீட்டரின் பக்கத்தில் அல்லாமல் எதிர்முனையில் வையுங்கள். அங்கும் இங்கும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் நீரோட்டம் போதவில்லை.

பொருத்தியபின் அரை மணி நேரம் பொறுத்து மின்சாரம் கொடுங்கள். 23 டிகிரியில் இருக்கும் தொட்டியை ஒரே இரவில் 28க்கு ஏற்றாமல், நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு டிகிரியாக ஏற்றுவது மீனுக்கு நல்லது. நீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் ஆறவிட்டு, பிறகுதான் நீரை இறைக்க வேண்டும். காற்றில் நிற்கும் சூடான குழலில் குளிர்ந்த நீர் பட்டால் அது வெடித்துப் பிளக்கும்.

மின்சாரம்

தொட்டியிலிருந்து வரும் கம்பிகள் நேரே சாக்கெட்டுக்குப் போகாமல், சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறிச் செல்ல வேண்டும். கம்பியின் வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எக்ஸ்டென்ஷன் போர்டைத் தரையில் போடாமல் சுவரில் மாட்டுங்கள். 300 வாட் ஹீட்டர்கூட ஒன்றரை ஆம்பியருக்கும் குறைவாகவே இழுப்பதால் சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் போதும். வீட்டின் மின்பலகையில் மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால், ஹீட்டருக்கு முன் அதைப் பொருத்துங்கள். குழல் விரிசல் விட்டு நீரில் மின்சாரம் கசிந்தால் உங்கள் கையைக் காப்பது அதுதான். அது இருந்தாலும், எல்லாப் பிளக்குகளையும் பிடுங்காமல் தொட்டிக்குள் கை விடும் பழக்கம் வேண்டாம்.

மின்வெட்டு பற்றிப் பலர் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். நம் சென்னைத் தொட்டி, ஹீட்டர் அணைந்தால் மணிக்குக் கால் டிகிரிதான் குளிரும். நான்கு மணி நேர மின்வெட்டிலும் ஒரு டிகிரிக்கு மேல் இறங்காது. உதகையில் மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கும் என்பதால், தொட்டியைக் கம்பளியால் போர்த்துவது அங்கே பயன்தரும். இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டியது சில வாட்டுகளில் ஓடும் ஏர் பம்ப். ஹீட்டரை இணைத்தால் பேட்டரி வீணாகக் காலியாகும். மின்கட்டணமும் அவ்வளவு பெரிதாக வராது: சென்னைத் தொட்டிக்குச் சராசரியாக 15 வாட் என்றால் இரண்டு மாதக் கணக்கில் 22 யூனிட். உதகையில் நாள் முழுவதற்கும் சராசரி 60 வாட் என்று கொண்டால் அதே காலத்துக்கு 86 யூனிட். பின்பக்கமும் இரு பக்கவாட்டுக் கண்ணாடிகளும் ஓர் அங்குலத் தெர்மோகோலால் மூடப்பட்டு, மேலே கண்ணாடி மூடியும் இருந்தால் இதில் கணிசமாகக் குறையும். அந்தத் தெர்மோகோல் தாளின் விலை மிகச் சொற்பம்.

போர்வெல் நீரில் உப்பு அதிகமுள்ள ஊர்களில் சில மாதங்களிலேயே குழலின் மேல் வெள்ளையாகச் சுண்ணப்படிவம் பூக்கும். ஹீட்டரை வெளியே எடுத்து, ஆறியபின், வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்து, மென்மையான துணியால் துடைத்துக் கழுவினால் போய்விடும். கத்தியால் சுரண்ட வேண்டாம். குழலின் உட்புறத்தில் ஈரம் பனித்திருப்பது தெரிந்தால், எத்தனை விலை கொடுத்து வாங்கியதாயினும், அன்றே குப்பையில் போடுங்கள். மூன்று குளிர்காலம் உழைத்த ஹீட்டரை, நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், நான் மாற்றிவிடுகிறேன். மாசி முடிந்து இரவுகளிலும் நீர் 27 டிகிரிக்குக் குறையாமல் நிற்கும்போது, சமவெளியில் ஹீட்டரைக் கழற்றிவிடலாம். நன்கு உலர்த்தி, வாங்கிய ஆண்டைக் கம்பியில் ஒரு சீட்டாகச் சுற்றி ஒட்டி, அதன் பெட்டியிலேயே வைத்துவிட்டு, ஐப்பசி மழை தொடங்கும்போது மீண்டும் வாளிச் சோதனை முடித்துத் தொட்டிக்குள் விடுங்கள்.